முடக்குத் துப்பாக்கி

தொண்ணூற்றொன்றில் குன்றத்தூரில் ஓர் அறை எடுத்து நாங்கள் மூவர் தங்கியிருந்தோம். மூவருக்கும் மண்ணூர் பக்கம் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. ஒருவன் திருநெல்வேலிக்காரன். வெளிநாட்டிலிருந்து அவன் மாமா அனுப்பிய விளையாட்டுப் பெட்டி ஒன்று அறையில் கிடந்தது. விண்வெளிப் போர்! கட்டம் போட்ட அட்டை, பகடை, கப்பல்கள். கப்பல்களில் பாதி தொலைந்துவிட்டதால் ஸ்கிராப்பில் கிடந்த வாஷரையும் நட்டையும் கொண்டுவந்து பறக்கவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சோறு தின்று கை கழுவியதும் போர் தொடங்கிவிடும்.

வாய்ச்சண்டை எல்லாம் ஒரே ஆயுதத்தைப் பற்றித்தான். அதற்கு முடக்குத் துப்பாக்கி என்று பெயர் வைத்திருந்தோம். அது பட்ட கப்பல் அழியாது. ஆனால் பகடையில் ஆறு விழும்வரை நகரக்கூடாது, சுடக்கூடாது.

"இது ரொம்ப ஓவர்," என்பேன். "வெடிச்சுப் போனா எடுத்து ஓரமா வெச்சிட்டு அடுத்தத ஆடலாம். இது அப்டியே நிக்கும். மத்ததுங்க சுத்திப் போறத பாத்துக்கினு உக்காரணும். மூணு ஆட்டம் போனா தானா சரியாவணும்னு வெச்சிக்கலாம்."

மூன்றாமவன் ஒப்பவே மாட்டான். வியாசர்பாடிக்காரன், ஐ.டி.ஐ. நாளிலிருந்து என் கூட்டாளி, என் சட்டையைக் கேட்காமலே போட்டுக்கொண்டு போகிறவன். "இன்னா மச்சி அழுவுற? கப்பல் உயிரோட தான கீது? இருக்கிறதுலயே சப்பை ஆயுதம் இதான்."

அந்த வருடம் நானும் கூட்டாளியும் தகடு அடித்த பிரஸ் மெஷின், பெடலை மிதிக்காமலே தானாக இரண்டாம் முறை இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் என் விரல் மயிரிழையில் தப்பியது. நானும் கூட்டாளியும் சேர்ந்துதான் மெஷினை நிறுத்தினோம். ரிப்பேர் பார்க்காமல் ஓட்டமாட்டோம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னதும் சேர்ந்துதான். உற்பத்தியைத் தடுத்ததாக என்மேல் மட்டும் குற்றச்சாட்டு வந்தது. விசாரணையின் முதல் நாள் கூட்டாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் டீ குடிக்கப் போயிருந்தேன் சார், அவர்தான் நிறுத்தினார்," என்றான். அவர்! அதுவரை நான் அவனுக்கு அவர் ஆனதில்லை.

அன்று அறைக்கு வந்து அவனே பேச்சை எடுத்தான். "எனக்கு கன்ஃபர்மேஷன் வர்ற நேரம் மச்சி. உன்ன இன்னா டிஸ்மிஸ்ஸா பண்ட்டாங்க? சஸ்பெண்டு தான?"

சஸ்பெண்டுதான். விசாரணை முடியும்வரை உள்ளே போகக்கூடாது, வேறெங்கும் வேலைக்குச் சேரவும் கூடாது. ஆனால் தினமும் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்குக் கேட்டில் போய் நின்று, வாட்ச்மேன் நீட்டும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் சஸ்பெண்டில் தரும் பாதிச் சம்பளமும் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் ஏறவும் எனக்கு அனுமதி இல்லை. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கி நிற்பேன். கம்பெனி பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குள் நுழையும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி சரியாக அந்த இடத்தில் தூங்கிப்போவான். டிஸ்மிஸ் செய்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு வேறு வேலை தேடியிருப்பேன். விசாரணையோ தேதி தேதியாகத் தள்ளிப்போனது.

வாடகைக்கு வேறு இடம் கிடைக்காமல் அதே அறையில்தான் கிடந்தேன். விளையாடுவதை நிறுத்திவிட்டேன். ஒரு ஞாயிறு அவர்கள் இருவரும் ஆடிக்கொண்டிருந்தபோது திருநெல்வேலிக்காரன் முடக்குத் துப்பாக்கியால் கூட்டாளியின் பெரிய நட்டை அடித்தான். கூட்டாளி பகடையை உருட்டினான், உருட்டினான், ஆறு விழவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது.

"இது ரொம்ப ஓவர்டா. எவ்ளோ நேரம் சும்மா குந்திக்கினு இருக்கிறது? மூணு ஆட்டம் போனா தானா சரியாவணும்னு வெச்சிக்கலாம்."

"சரிடே, அப்படியே வச்சுக்கிடுவோம்," என்றான் மற்றவன்.

அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் கத்தியும் மாறாத விதி ஒரு நிமிடத்தில் மாறியது.

"கப்பல் உயிரோட தான கீது?" என்றேன்.

கூட்டாளி பகடையைத் திருநெல்வேலிக்காரன் பக்கம் தள்ளினான். மூன்று ஆட்டம் கழித்து அவன் நட்டு நகர்ந்தது. மறுநாள் காலை நான் டவுன் பஸ் பிடித்து, கையெழுத்துப் போடப் போனேன்.