அடியில் வைத்த சீட்டு

எங்கள் வங்கியில் பணம் அனுப்பும் கவுண்டரில் இருந்தவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ‘வழியிலிருக்கு’. “என் கணக்குல கழிச்சிட்டீங்க, அங்க இன்னும் ஏறலையே, நடுவுல பணம் எங்கதான் இருக்கு?” என்று யாராவது எகிறினால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வழியில இருக்குங்க” என்பார். பக்கத்தில் காசாளராக இருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கைப்பேசியில் தட்டினால் பணம் பறக்கிற காலம் அப்போது வரவில்லை. வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் சீட்டை வாங்கியதுமே அவர் கணக்கில் கழித்துவிடுவோம். அனுப்புவது தனி வேலை. சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, மொத்தமாக மதியம் இரண்டு மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு விட வேண்டும்; விட்டால் அன்றைக்கே போய்ச் சேரும். இரண்டு அடித்தால் கணினி பூட்டிக்கொள்ளும். மிஞ்சியது அடுத்த வேலை நாளுக்கு. சனி, ஞாயிறு கணக்கிலேயே வராது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் சொந்தச் சீட்டு என்றால், தட்டிலிருக்கும் சீட்டுகளுக்கெல்லாம் அடியில், கடைசியாக ஏறும்படி வைப்பார். மேலாளரின் மச்சினன் சீட்டெல்லாம் வரிசையை மீறி முதலில் ஏறுகிற அலுவலகத்தில், இவருக்கு மட்டும் எதற்கு இந்த வைராக்கியம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வெளியூரிலிருந்து அவர் அக்காவின் கணவர் போன் செய்தார். அக்காவுக்கு உடனே அறுவை சிகிச்சை; முன்பணம் கட்டினால்தான் தொடுவார்களாம். தாய் இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. இருந்த சேமிப்பை எல்லாம் மருத்துவமனைக் கணக்குக்கு எழுதி, கழித்துவிட்டு, சீட்டை வழக்கம்போல் அடியில் வைத்தார்.

“இன்னிக்காவது உங்களத முதல்ல போடுங்க சார்!” என்றேன்.

“நேரம் இருக்கும்மா. வெளிய நிக்கிறவங்க முடியட்டும்.”

இரண்டு அடிக்கச் சற்று முன் ஒரு தையல் பட்டறைக்காரர் தன் ஆட்களின் சம்பளத்தை அவரவர் ஊருக்கு அனுப்பும் சீட்டுகளோடு ஓடி வந்தார். நாளைக்கு லீவு, பாவம், ஊரில் அவர்கள் வீட்டில் இந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கெஞ்சினார். இவர் மறுக்கவில்லை. விரல்கள் பறந்தன. கடைசிச் சம்பளச் சீட்டு ஏறியதும் திரை பூட்டிக்கொண்டது. தட்டில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது.

கழித்ததைத் திரும்பப் போட்டுக் கையில் வாங்கிவிடலாம் என்று மேலாளரிடம் ஓடினார். “தலைமை அலுவலக அனுமதி வேணும்பா. திங்கக்கிழமை பாக்கலாம்” என்றார் அந்த மனிதர், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

நாங்கள் பர்ஸைத் தட்டிச் சேர்த்த பணத்தோடு பஸ் ஏறினார். அது பாதிக்குக்கூடக் காணவில்லை. கழித்த ரசீதை மருத்துவமனையில் காட்டியிருக்கிறார். “எங்க கணக்குல ஏறணும் சார்” என்றார்களாம். எத்தனையோ பேருக்குத் தான் சொன்ன பதிலை அங்கே இவரே சொல்லியிருக்கிறார்: “பணம் வழியில இருக்குங்க.” யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போய்ச் சேர்ந்தாள். திங்கட்கிழமை பணம் போய்ச் சேர்ந்தது.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியவரை யாரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவரும் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டார். கேட்டவர்களுக்கு, “எப்ப சேரும்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

சில நாள் கழித்து, மருத்துவமனை திருப்பி அனுப்பிய பணம் எங்கள் கிளைக்கு வந்தது. கணக்கில் வரவு வைக்க வேண்டியது அவர்தான். காகிதத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அதைப் பார்த்தார், தட்டின் அடியில் வைத்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. “இதையாவது முதல்ல போடுங்களேன் சார்.”

“இதுக்கு இனிமே என்னம்மா அவசரம்?” என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.