லிஃப்டக்கா கம்பெனியை விற்ற கதை

லிஃப்ட் ரிப்பேர் செய்து முழங்கால் தேய்ந்துபோனது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். லிஃப்டக்காவும் கூடவே சிரிப்பாள். லிஃப்ட் நின்றுபோன கட்டிடத்துக்குத்தானே அவளைக் கூப்பிடுவார்கள்? மெஷின் ரூம் உச்சியில் இருக்கும். படிதான் கதி. இருபத்திரண்டு வருஷம் அப்படி ஏறினாள். ஒரு ஸ்கூட்டர், ஒரு டூல் பெட்டி, இரண்டு கட்டிடம் என்று தனியாளாகத் தொடங்கியது, பதினாறு மெக்கானிக், நூற்றுப் பதினெட்டு கட்டிடம் என்று வளர்ந்திருந்தது. இனி படி ஏறக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகு, விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தாள்.

அவசரப்படவில்லை. ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள். எந்தக் கட்டிடத்தில் லிஃப்டைத் தாங்கும் எஃகு ரோப் எப்போது மாற்றியது, எந்த மோட்டார் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும் என்று மண்டையில் இருந்ததையெல்லாம் எழுதிவைத்தாள். தான் இல்லாமலும் கம்பெனி ஓடும் என்று காட்ட, வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமென்றே வீட்டில் உட்கார்ந்தாள். ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட அவள் தம்பி, வாங்குவதற்கு ஆள் தேடினான். விற்பனை முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது அவன் கண்டிப்பு. விஷயம் கசிந்தால் மெக்கானிக்குகள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்களாம்.

வாங்க வந்தவர் இதே தொழிலில் ஐந்து கம்பெனிகளை ஏற்கெனவே வாங்கியவர். சாந்தமான மனிதர். லிஃப்டக்காவை 'அம்மா' என்றுதான் அழைத்தார். அவர் அனுப்பிய ஆள் ஒன்பது நாள் ஆபீஸில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சர்வீஸ் நோட்டுகளைப் படித்தான். நான்காம் நாள் அவன் சாப்பிடப் போயிருந்தபோது அவள் ஒரு நோட்டைப் புரட்டினாள். மாதாமாதம் ரோப்பும் பிரேக்கும் பார்த்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளிகள். ஒவ்வொரு மூன்று மாதத்திலும் இரண்டு சோதனைக்குப் புள்ளி, இதெல்லாம் தேவையில்லை என்று கழிப்பதுபோல. அவன் திரும்பியதும் கேட்டாள். சும்மா குறித்தது என்றான்.

அன்று சாயங்காலம், முதல் வருஷத்திலிருந்து அவளோடு இருந்த தலைமை மெக்கானிக் வந்து நின்றார்.

"அக்கா, அந்த ஆள் யாரு?"

இன்சூரன்ஸ்காரன் என்றாள். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுபடி கேட்கவே இல்லை. அதுதான் அவளை அரித்தது.

மாதம் ஒருமுறை எல்லா லிஃப்டிலும் ரோப்பும் பிரேக்கும் சோதிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கையெழுத்து என்று அடம்பிடித்தாள். வித்த பொருளில் மூக்கை நுழைக்க முடியாது என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் வாங்குபவர் உடனே சரி என்றார். ஒரு வார்த்தை மல்லுக்கட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏழாம் பக்கத்தில் அவள் கேட்ட வரி வந்தது. எட்டாம் பக்கத்தில், ஐந்து வருஷம் அவள் பழைய வாடிக்கையாளர்களோடு தொழில் பேசக் கூடாது என்ற வரியும் வந்தது. இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு மாதத்தில் பதினாறு மெக்கானிக்குகள் ஏழானார்கள். வேலையை விட்ட தலைமை மெக்கானிக் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"நாம பாத்துக்கிட்டிருந்த ஆஸ்பத்திரி மெஷின் ரூமை ஒரு தடவை போய்ப் பாருங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

மறுநாள் காலை போனாள். பழகிய காவல்காரர் சாவியைக் கொடுத்தார். அந்த லிஃப்டில் ஏற மனம் வரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஆறு மாடி ஏறினாள். மோட்டாருக்குப் பின்னால் சுவரில் சோதனை அட்டை தொங்கியது. அன்று தேதி ஒன்பது. அந்த மாதத்துக்கு டிக் இருந்தது. அடுத்த மாதத்துக்கும் இருந்தது. வருஷக் கடைசிவரை எல்லாக் கட்டத்திலும் ஒரே மையில் டிக், அவளுக்குத் தெரியாத ஒரு கையெழுத்து.

டார்ச் வெளிச்சத்தை ரோப்பின் மேல் அடித்தாள். இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோப் நகர்ந்தது. கீழே யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் சக்கரம் உள்ளே ஏறும் சத்தம் குழாய்க்குள் கேட்பதுபோல மேலே கேட்டது. லிஃப்ட் மேலே வந்து நின்று, ஸ்ட்ரெச்சர் வெளியே போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெயின் சுவிட்சை இறக்கி, அறையைப் பூட்டி, சாவியோடு நிர்வாகியிடம் போனாள்.

அன்று மத்தியானமே வாங்கியவர் போன் செய்தார். குரல் அதே சாந்தம்.

"அம்மா, அந்த ரோப்பை இன்னைக்கே மாத்திடுறோம். மத்த இடத்துக்கெல்லாம் நீங்க அலைய வேண்டாம். உடம்பைப் பாத்துக்குங்க."

"மத்த இடத்துல பாத்தீங்களா?" என்றாள்.

போன் வைக்கப்பட்டுவிட்டது.

எட்டாம் பக்கத்தைத் தம்பி நினைவூட்டினான். தெரியும் என்று சொல்லிவிட்டு, மண்டையில் இருந்த பட்டியலை வரிசையாக எடுத்துப் போன் போட்டாள். மூன்று நாளாயிற்று. முப்பத்தொரு இடத்தில் லிஃப்டை நிறுத்தி வெளி ஆளை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள், நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்கள். நீங்கதானே வித்தீங்க என்று ஒருவர் கேட்டார். அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள். நான்காம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. லிஃப்டுகளைச் சோதனை செய்யும் அரசு அலுவலகத்துக்கு அவள் எழுதிய மனு மேஜை மேஜையாக நகர்கிறது. மீதி எண்பத்தாறு கட்டிடங்களில் லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.