முப்பது மோட்டாருக்கும் ஒரே நொடியில் கரண்டு

டெஸ்ட் ரிப்போர்ட்டில் "பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதனால் இதில் வேறு யாரையும் திட்ட எனக்கு வழியில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் கம்பெனி ஒயர்லெஸ் மோட்டார் ஸ்டார்டர் செய்கிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்றடியில் இருக்கும் ஸ்டார்டர் "வந்துட்டேன்" என்று ஒரு ரேடியோ சிக்னல் அனுப்பும். ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருக்கும் ரிசீவர் அதைக் கேட்டு "ஓடு" என்று பதில் கொடுத்தால்தான் மோட்டார் ஓடும்.

என் வேலை டெஸ்டிங். லேப்டாப்பில் புரோகிராம் எழுதினால், பக்கத்தில் உள்ள சின்ன டிரான்ஸ்மிட்டர் பெட்டி அதை ஸ்டார்டரின் சிக்னலாகவே அனுப்பும். சிக்னலைக் குறைத்தேன், இரைச்சலைக் கலந்தேன். ரிசீவர் எல்லாவற்றையும் கேட்டது. என் கர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் முப்பது தோட்டங்களில் மாட்டினோம். நாலாம் நாள் பாண்டியம்மாள் என்பவர் போன் செய்தார். மில்லில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். அரை ஏக்கரில் செவ்வந்தி போட்டிருந்தார்.

"ஏம்மா, ஊரு மோட்டாரு பூரா ஓடுது. என்னது மட்டும் கம்முனு கெடக்கு. செடி தலை தொங்கிருச்சு."

"கையால பட்டனை அமுக்குனா ஓடுமேக்கா."

"கரண்டு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? கெணத்தடியிலயே குந்தியிருந்தா மில்லுல என்னைய வச்சிருப்பானா? அதுக்குத்தானே உங்க பெட்டிய வாங்குனேன்."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அவுக தோட்டம் தொட்டிக்கு ரொம்பத் தள்ளி இருக்கும்மா. ஆன்டெனாவ ஒசத்திக் கட்டச் சொல்லு. அடுத்த வாரம் நெய்க்காரப்பட்டிக்கு ஸ்டார்டர் லோடு போகணும்" என்றார் முதலாளி. உயர்த்திக் கட்டினோம். ஓடவில்லை. மேஜையில் மறுபடி டெஸ்ட் செய்தேன். பாஸ். எரிச்சலாக வந்தது.

மறுநாள் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்கே போய் உட்கார்ந்தேன். பாண்டியம்மாள் லீவு போட்டிருந்தார். பதினோரு மணி வாக்கில் கரண்டு வந்தது. அவருடைய ஸ்டார்டர், பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் ஒரே நொடியில் விளக்கு எரிந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரே லைனில் இருக்கும் முப்பதும் ஒன்றாகக் கத்தினால், தொட்டிக்குக் கிட்டே இருப்பவை முந்திக்கொள்ளும். மற்றவை பத்து நொடி கழித்துக் கத்தும். அதுவும் சேர்ந்தேதான். கடைசிக் கோடியில் இருக்கும் இவருடையது, முறை வருவதற்குள் குறித்த தடவை கத்தி முடித்து ஓய்ந்துவிடும். நான் டெஸ்ட் செய்தது ஒற்றை ஸ்டார்டரை.

கையால் பட்டனை அமுக்கித் தண்ணீர் விட்டேன். "இன்னைக்கு நீங்க இருக்கீங்க. நாளைக்கு?" என்றார் அவர்.

ஆபீசுக்குத் திரும்பி, முப்பது சிக்னலும் ஒரே நொடியில், ஒவ்வொன்றும் அதனதன் தூரத்துக்கேற்ற பலத்தில் போகும்படி புரோகிராமை மாற்றினேன். முதலாளி முன்னாலேயே ஓட்டினேன். கடைசிக் கோடி ஸ்டார்டருக்கு மட்டும் ரிசீவர் பதில் கொடுக்கவில்லை. டெஸ்ட் ஃபெயில். தோட்டத்துக் கோளாறு மேஜைக்கே வந்துவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஏம்மா, ஓடுற சரக்க நீயே ஓடலைன்னு காட்டுறியே" என்றார்.

"லோடு ஏத்துறதுன்னா என் கையெழுத்து இல்லாம ஏத்துங்க சார்."

முதலாளி லேப்டாப்பை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். "எத்தன நாளு வேணும்?"

"மூணு."

ஒவ்வொரு ஸ்டார்டரும் சீட்டுக் குலுக்கியதுபோல வெவ்வேறு நேரம் காத்திருந்து கத்தும்படி மாற்றினோம். முப்பது சிக்னலையும் நூறு தடவை ஒன்றாக அனுப்பிப் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அதன் பிறகுதான் முப்பது தோட்டத்திலும் புதிய புரோகிராமை ஏற்றினோம்.

அன்று நான் பாண்டியம்மாள் தோட்டத்தில் நின்றிருந்தேன். கரண்டு வந்ததும் மோட்டார்கள் இங்கொன்று அங்கொன்றாக ஓட ஆரம்பித்தன. பாண்டியம்மாளுடையது சத்தமில்லாமல் கிடந்தது. அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு பைப்பில் தண்ணீர் குதித்தது.

"ரெண்டு பாத்தி போயிருச்சு. மத்தது தேறிரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் ஷிஃப்டுக்குக் கெளம்புறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சிக்னல் உருவாக்கும்போது மேஜையில் இருக்கும் பெட்டியை நினைக்காதீர்கள், அது போய் நிற்கப்போகும் ஊரை நினையுங்கள். சொல்லியிருந்தால் என் லேப்டாப் முதல் நாளே முப்பது சிக்னல் அனுப்பியிருக்கும். ஒன்று போதும் என்று நினைத்தது நான். அந்த இரண்டு பாத்தியும் என்னால் போனவை.