சுவிட்சுக்கு வைத்த சந்தனம்

போன வருடம் தசரா அன்று சாயங்காலம், புனேயில் சிஞ்ச்வட் பக்கம் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியில், கார் நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த மேடையில் நடந்தது இது. இன்றைக்கும் சந்தனக் கட்டையைக் கையில் எடுத்தால் எனக்கு முதலில் பயம் வரும், அப்புறம் சிரிப்பு வரும், கடைசியில் 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சு வரும்.

ஊரில், கோயம்புத்தூர்ப் பக்கம், தையல் மிஷின் மிதித்துப் பாதித் தெருவுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். மகனுக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் என்னையும் மிஷினையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டில் எது அதிகம் முனகுகிறது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. மருமகளுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். கூடவே அவளுக்குக் கிட்டார் பைத்தியம். கரண்டில் ஓடுகிற கிட்டார்.

அதற்கு முந்தின தசராவுக்கும் இதே மேடையில் அவள் வாசித்தாள். அப்போது அவளிடம் இருந்தது ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி. அரிசி மூட்டைக் கனம். பாட்டு ஆரம்பித்ததுமே அந்தப் பெட்டி 'கூ...' என்று ஊளையிட்டது பாருங்கள், முன்வரிசைக் குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் மராத்தி அம்மாளை எல்லோரும் காகு என்று கூப்பிடுவோம். அவர் எழுந்து நின்று, "பஸ், பஸ்!" என்று, போதும் போதும் என்கிற மாதிரி கையை ஆட்டினார். மருமகள் பாதிப் பாட்டில் இறங்கி வந்துவிட்டாள். அன்றைக்குப் பீரோ மேல் ஏறிய கிட்டார் மாதக்கணக்கில் இறங்கவில்லை. வீட்டில் அவள் பேச்சும் குறைந்துபோனது. நான் கேலி பண்ணினால் திருப்பிக் கேலி பண்ணுகிற ஒரே ஆள் அவள்தான். அவள் சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஒரு பெட்டி வந்தது. இரண்டு இட்லித் தட்டை ஒட்டி வைத்த நீளம். மேலே கலர் கலராக எரியும் சின்னத் திரை, அதற்குக் கீழே வரிசையாக வட்டமான ஸ்டீல் சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கலர் விளக்கு, கோடியில் கார் ஆக்சிலேட்டர் மாதிரி ஒரு மிதி. உலகத்தில் இருக்கிற பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை எல்லாம் இந்த ஒரு பெட்டியே போடுமாம். கிணற்றுக்குள் வாசிக்கிற மாதிரி, கோயில் மண்டபத்தில் வாசிக்கிற மாதிரி, எது வேண்டுமோ அது.

"நம்ம ஊர் ரைஸ்மில் சத்தம் வருமா அம்மணி?" என்று கேட்டேன்.

"அதுவும் இருக்குதுங்கத்தை. செவப்பு சுவிட்ச்."

பதில் வந்துவிட்டது. பீரோ மேல் இருந்த கிட்டாரும் அன்றைக்கே இறங்கிவிட்டது. எனக்கு அது போதும்.

இந்தப் பெட்டியில் இன்னொரு வசதி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். கீழ்வீட்டுக் காகுவுக்கு நிம்மதி. ஆனால் எங்களுக்கு என்ன கேட்கும் தெரியுமா? கம்பியின் 'டிங் டிங்' மட்டும்தான். கிட்டார் வாசிக்கிறாளா, முருங்கைக்கீரை உருவுகிறாளா என்று தெரியாது. நடுநடுவே காலால் சுவிட்சை மிதிக்கிற 'டக்'. மேடைக்கென்று அவள் எடுத்துக்கொண்ட பாட்டை மாதக்கணக்கில் அந்த 'டிங் டிங் டக்' ஆகத்தான் அடுப்படியில் நின்று கேட்டேன். முதல் 'டக்'குக்குக் கடுகு போடுவேன், இரண்டாவது 'டக்'குக்குப் புளி கரைத்து ஊற்றுவேன், கடைசி 'டக்' வந்தால் அடுப்பை அணைப்பேன். எங்கள் வீட்டுக் குழம்புக்கு அதுதான் கடிகாரம். "நீங்களும் மாட்டிக் கேளுங்கத்தை" என்று ஹெட்போனை நீட்டுவாள். "எனக்குக் காது நல்லா கேக்குது, மூடி எதுக்கு?" என்று நழுவிவிடுவேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏன் கண்ணு, வாத்தியம்னா சரஸ்வதி. அதைப் போயி காலால மிதிக்கறயே?"

"ரெண்டு கையும் கிட்டார்ல இருக்குதுங்கத்தை. நடுவுல சத்தத்தை மாத்தறதுக்குக் காலுதான் மிச்சம்."

"வாயி இருக்குதில்ல?"

"அது உங்களுக்குப் பதில் சொல்றதுக்கு வேணுமுங்க."

தசரா நெருங்கியது. மறுபடியும் மேடைக்குப் பெயர் கொடுத்தாள். ஆனால் மகனிடம் அவள் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்தத் தடவையும் சொதப்புச்சுன்னா கிட்டாரை யாருக்காச்சும் குடுத்தறலாம். வாசிக்கத் தெரிஞ்சவங்க வெச்சுக்கட்டும்." நல்ல காதாக இருப்பதில் இது ஒரு கஷ்டம்.

தசராவுக்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. அவள் ஆபீசிலிருந்து வருவதற்குள் நான் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். பேத்தியின் புத்தகம், மகனின் லேப்டாப், என் கத்தரிக்கோல், பக்கத்திலேயே என் தையல் மிஷின், நடுவில் கிட்டார், அதன் காலடியில் அந்தப் பெட்டி. பொட்டு வைக்க உட்கார்ந்தேன். அந்த ஸ்டீல் சுவிட்சுகளைப் பார்த்தால் பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி வட்டமாக இருந்தன. நாளைக்கு இதை மிதிக்கப் போகிறாள், சரஸ்வதி கோபித்துக்கொண்டால் மேடையில்தானே காட்டுவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதனால் சந்தனத்தைத் தண்ணியாகக் குழைத்து, ஒவ்வொரு சுவிட்சிலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மன்னிப்பையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன் என்று திருப்தி.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. சந்தனம் ராத்திரி முழுக்க அங்கேயே ஊறிக் காய்ந்தது.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தேன். காய்ந்த சந்தனத்தை அவள் சிரித்துக்கொண்டே துணியால் துடைத்தாள். கம்பியை மீட்டினாள், ஹெட்போனில் சத்தம் வருகிறது என்றாள். சுவிட்சை மிதித்துப் பார்க்கக் காலைத் தூக்கினாள். நான்தான் தடுத்தேன். "இப்பத்தான் சாமிகிட்ட இருந்து எடுத்திருக்குது. ஒடனே காலை வெக்காத கண்ணு. சாயங்காலம் மேடையில வெச்சுக்க." பெரியவள் சொல்கிறாளே என்று காலை இறக்கிவிட்டாள். அவள் ஒருநாளும் என் பேச்சைக் கேட்டதில்லை. அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தாள்.

சாயங்காலம் சொசைட்டியே கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் ஆப்டா இலையை நீட்டி "சோன க்யா", தங்கம் வாங்கிக்கொள்ளுங்கள், என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே தசராவுக்கு அந்த இலைதான் தங்கம். காகு முன்வரிசையில், கையைக் காதுக்குப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் மருமகள் பெட்டியை இரண்டு பெரிய ஸ்பீக்கரோடு இணைத்தாள். நான் மேடைப் படி ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன்.

அவள் முதல் சுவிட்சை மிதித்தாள். 'டக்' வரவில்லை. பாதி இறங்கி அப்படியே நின்றது. அடுத்ததை மிதித்தாள். அதுவும் நின்றது. குனிந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"அத்தை, எவ்ளோ சந்தனம் வெச்சீங்க?"

"கொஞ்சந்தான் கண்ணு..."

மகன் ஓடி வந்தான். "ஏம்மா, சுவிட்சு இடுக்குக்குள்ள எல்லாம் எறங்கிக் கெட்டியாயிருக்குது! சொவத்துக்குப் பூசற மாதிரி பூசிப்போட்டியா?"

சேலைப் பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். அதை வைத்து நோண்டினான். துளி சந்தனம் உதிர்ந்ததே தவிர சுவிட்ச் அசையவில்லை. சவுண்டு போடுகிறவர், "மேடம், ஜல்தி கரோ, ஆப்கா நம்பர் ஹை" என்று அவசரப்படுத்தினார். மைக்கில் அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது.

மருமகள் கிட்டாரில் இருந்து வயரைக் கழற்றக் கையை வைத்தாள். முந்தின வருடம் மேடையை விட்டு இறங்கியபோது இருந்த அதே முகம். பீரோ மேல்பக்கம் என் கண்ணுக்குள் வந்துபோனது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

"அம்மணி, அதைக் கையால மாத்த முடியாதா?" என்றேன்.

"திரையில தொட்டா மாறுமுங்க. ஆனா எனக்குக் கை எங்க இருக்குது?"

"எனக்கு ரெண்டு சும்மாத்தான இருக்குது."

"எப்ப மாத்தறதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"இத்தனை மாசமா உன்ற காலைக் கேட்டுத்தான குழம்பு வெக்கறேன்!"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். வேறு வழியும் இல்லை. மகன் என்னைக் கைத்தாங்கலாக மேடையேற்றினான். என் நாற்காலி, அதற்கு எதிரே ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் பெட்டி. திரையில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்குக் கலர்தான் தெரியும். வெள்ளை, நீலம், சிவப்பு, மூன்று கட்டம். "மொதல்ல வெள்ளைங்க, அப்பறம் நீலம், கடைசியில செவப்பு" என்றாள். "தெரியும், கடுகு, புளி, அடுப்பு" என்றேன். அந்த நிலைமையிலும் பல் தெரிந்தது அவளுக்கு.

வாசிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். இவ்வளவு நாள் கீரை உருவுகிற சத்தம் என்று நினைத்தேனே, அது இல்லை இது. மழை விட்டதும் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுமே, அப்படி. கேட்டுக்கொண்டே இருந்து கடுகைக் கோட்டை விட இருந்தேன். முதல் இடம் வந்தது. வெள்ளையைத் தொட்டேன். மாறியது. சத்தம் விரிந்துகொண்டே போனது. இரண்டாவது இடத்தில் நீலம். ஒரு தடவை வாசித்தால் நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. கூட்டத்தில் பேச்சு நின்றது.

கடைசி இடம். சிவப்பைத் தொட்டேன். மாறவில்லை. மறுபடி அழுத்தினேன். மாறவில்லை. ஊசி பிடித்தே காய்த்துப்போன விரல் என்னுடையது, மகனின் போனிலும் அது ஒழுங்காகப் படாது. மருமகள் அதே வரியை இன்னொரு தடவை வாசித்தாள். கண்ணால் என்னைக் கேட்டாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது, ஆனால் வேண்டிய அந்த விரல் நுனியில் மட்டும் ஈரம் இல்லை. அவள் மூன்றாம் தடவையும் அதே வரிக்குப் போனாள்.

ஊசியில் நூல் கோர்க்கும்போது என்ன செய்வேனோ அதையே செய்தேன். விரலை நாக்கில் வைத்து எடுத்துச் சிவப்பில் ஒரு அழுத்து.

ரைஸ்மில் ஓடியது! மில் என்று கேலிக்குச் சொல்கிறேன். தரையெல்லாம் அதிர்ந்தது, ஆனால் ஒரு ஊளை இல்லை, ஒரு கீச்சு இல்லை. மூன்று தடவை ஒரே வரியை வாசித்துக் காக்க வைத்துவிட்டு இப்படித் திறந்ததில் கூட்டம் எழுந்தே விட்டது. வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை. பாட்டு முடிந்ததும் மருமகள் கிட்டாரோடு வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் நனைந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கீழே இறங்கியதும் காகு என் கையில் ஒரு கொத்து ஆப்டா இலையைத் திணித்தார். "ஆஜி, ஜகாஸ்! தும்ஹி பண் வாஜவ்தா?" என்று கேட்டார். பிரமாதம் பாட்டி, நீங்களும் வாசிப்பீர்களா என்று அர்த்தமாம். ஆமாம் என்பதற்கு "ஹோ" என்று சொல்லி வைத்தேன். எனக்குத் தெரிந்த மராத்தியும் அவ்வளவுதானே.

வீட்டுக்கு வந்து, பெட்டியைத் துணியில் வைத்துத் துடைக்கும்போதுதான் மருமகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அத்தை, காலு பட்டா சரஸ்வதிக்குக் கோவம் வருமுங்களா?"

"வரும்னு சொல்லுவாங்க."

"எச்சி பட்டா?"

மகன் சிரித்த சிரிப்பில் பேத்தி அரைத் தூக்கத்தில் எழுந்து வந்துவிட்டாள். என் வாயை மூட வைக்கிறவள் மறுபடியும் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் அவ்வளவு நிம்மதி.

சுவிட்சுகளைப் பிறகு மகன் கழற்றி, மருந்து அடித்துச் சுத்தம் செய்து சரியாக்கிவிட்டான். ஒன்றில் மட்டும் இன்னும் லேசாகச் சந்தன வாசம் வருகிறது என்று அவள் சொல்கிறாள். என்னை வம்புக்கு இழுக்கச் சொல்கிறாளோ என்னவோ.

அந்த வாரமே ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைக்க மிஷினில் உட்கார்ந்தேன். பூஜையில் வைத்த பொட்டு அதன் கழுத்தில் இன்னும் இருந்தது. கால் பாட்டுக்கு மிதியில் ஓடுகிறது. சட்டென்று நிறுத்தினேன். வருடா வருடம் சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாளே காலால் மிதித்துத்தானே இத்தனை காலமும் பிழைத்தேன்? ஒருநாளாவது உறுத்தியதா? இரண்டு கையும் துணியில் இருக்கும், கால்தானே மிச்சம். அவள் சொன்ன அதே பதில்.

மருமகளைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். "அன்னைக்கே கேக்கலாம்னு நெனைச்சேனுங்கத்தை. பாவம்னு உட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்போதும் சாயங்காலம் அடுப்படியில் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'டிங் டிங் டக்' வருகிறது. அந்த ஒரு 'டக்' கேட்டுவிட்டால் கிட்டார் பீரோ மேல் இல்லை, என் மருமகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, நானும் நிம்மதியாகக் கடுகைப் போடுகிறேன்.