முதல் ஞாயிறு வரைக்கும்

போன வாரம் விருதுநகர் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிவிட்டு மிச்ச நூலை மேசைமேல் போட்டார். அவர் அடுத்த ஆளுக்கு மல்லி நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் விரல்கள் அந்த நூலை எடுத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பின்ன ஆரம்பித்துவிட்டன. நான் சொல்லவில்லை, அதுகளாகவே. கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அக்காவுக்குச் சிவகாசிப் பக்கமோ? வெடி பின்னுன கை அப்படியே இருக்கே!”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வத்தல் நெடி ஏறித் தும்மல் வந்துவிட்டது. நல்லதாய்ப் போயிற்று, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

எனக்கு அப்போது இருபது வயது. விஸ்வநத்தம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். சின்ன வெடிகளின் திரிகளை நூலோடு கோத்துப் பின்னிக்கொண்டே போகவேண்டும். விரல் பின்னும், வாய் பேசும், மனசு எங்கேயாவது போய்விட்டு வரும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மினுங்கும். கல்யாண வீட்டில் இலையில் கைவைத்தால் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். எனக்கு அதில் ஒரு திமிர் உண்டு. ராணிகளுக்குத்தானே விரலெல்லாம் வெள்ளி!

என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியது அண்ணன் மனைவி, கிரேஸ் மதினி. மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளைக்குத் தாய். பாட்டு வராது, ஆனால் பாடாமல் இருக்கமாட்டாள். அவள் கீர்த்தனை எடுத்தால் எதிரே இருக்கும் செல்லத்தாயிக்கா, “ஏ கிரேசு, உங்க சாமி காதைப் பொத்திக்கிட்டு ஓடிறப் போறாரு, மெதுவாப் பாடு” என்பாள். மதினி இன்னும் உரக்கப் பாடுவாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. தகரக் கூரை போட்ட சின்னச் சபை எங்களுடையது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, கர்த்தர் நினைவாக அப்பமும் திராட்சரசமும் தருவார்கள். மனத்தாங்கலோடு அப்பத்தைத் தொடக்கூடாது. முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கை செலுத்து என்பதுதானே வேதம். அதனால் முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், தெருவே எழுந்து ஒருத்தர் வாசலுக்கு ஒருத்தர் போகும்.

“ஏதும் குறை இருந்தா மனசுல வைக்காதீக.”

“நான் என்னத்த வச்சேன்? உள்ள வாங்க, காப்பி குடிங்க.”

அவ்வளவுதான் சடங்கு. காப்பி குடித்ததும் எல்லாம் தீர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நண்பரே, அதற்குள் ஒரு கள்ளத்தனம் இருந்தது. சனிக்கிழமை ஒன்று வரும் என்று தெரிந்ததால் மற்ற நாளெல்லாம் எங்களுக்குச் சண்டை போடச் சௌகரியமாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் கோபத்தை இறக்கிவைக்கச் சொல்கிறது வேதம். நாங்கள் அந்தப் பொழுதைப் பிடித்து இழுத்து ஒரு மாதத்துக்கு நீட்டிக்கொண்டோம்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்வார்கள். யாருக்கோ முழங்கால் வலி, யாருக்கோ மாப்பிள்ளை அமையவேண்டும். அப்படி ஒரு கூட்டத்தில் மதினி எழுந்தாள்.

“எங்க நாத்தனா திருத்தங்கல்ல அச்சாபீசுல வேலை பாக்குற ஒரு பையனுக்குக் கடுதாசி எழுதிக்கிட்டு இருக்கா. அவ மனசு மாற எல்லாரும் பாரத்தோட ஜெபிங்க.”

என் ரகசியத்துக்காக இருபது பெண்கள் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். தண்டோரா போட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் ஊருக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பையன் என் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை என்பது தனி அவமானம். அதைச் சொல்லவும் வழியில்லை.

மதினி கெட்டவள் இல்லை. பயந்துவிட்டாள். பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஜெபத்தில் வைத்துவிட்டாள். இது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் பேச்சை நிறுத்தினேன்.

ஒரே வீட்டில் சாப்பாடு, ஒரே பஸ்ஸில் வேலைக்கு, ஒரே அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பின்னல். பேச்சு மட்டும் செல்லத்தாயிக்கா வழியாக.

“அக்கா, அந்தக் கத்திரியை இங்கன தரச் சொல்லுங்க.”

“அவ மடியிலதான இருக்கு! நீயே கேளேன் புள்ள.”

“நான் கேக்க மாட்டேன்.”

“எப்பத்தான் பேசுவீக?”

“வர்ற ஞாயித்துக்கிழமை திருவிருந்து. சனிக்கிழமை பேசிருவோம்.”

செல்லத்தாயிக்கா நூலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பட்டாசுக்குத்தான் சீசன் உண்டும்னு நெனச்சேன். உங்காளுக சமாதானத்துக்கும் சீசன் வச்சிருக்கீகளா!” எனக்கும் சிரிப்பு வந்தது. மதினியும் சிரித்தாள். சிரித்தபடி என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று சுவரைப் பார்த்தேன். அப்போதே முடிந்திருக்கலாம். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே, அதற்குள் ஏன் இறங்கவேண்டும் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மதினி தன் தூக்குவாளியைத் திறந்து, வறுத்த கருவாட்டில் ஒரு பிடி அள்ளி என் மூடியில் வைத்தாள். நெத்திலி, அப்போது எனக்கு உயிர். இன்றைக்கு யார் வீட்டிலாவது கருவாடு வறுத்தால் நான் அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியாகப் போவேன். அந்த மூடியை அப்படியே அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் கருவாட்டை எடுத்துத் திரும்பத் தன் சோற்றில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை அவள் பாடவில்லை.

புதன்கிழமை நான் போர்மேனிடம் போனேன்.

“அண்ணாச்சி, லேபிள் ஒட்டுற ரூமுக்கு என்னைய மாத்தி விடுங்க. அவுக பக்கத்துல என்னால உக்கார முடியாது.”

“மதினியும் நாத்தனாவும் இன்னும் சண்டைதானா? ஞாயித்துக்கிழமை வந்தாச் சரியாப் போயிரும்ல?”

“அதுவரைக்கும்தான் அண்ணாச்சி.”

லேபிள் அறை காம்பவுண்டின் அந்தக் கோடியில் இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது மதினி, “ஏத்தா…” என்றாள். ஒரு சொல்தான். காது கேட்காத மாதிரி நடந்தேன். எத்தனை அழகாக நடித்தேன் என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை. சத்தம் முதலில் வரவில்லை. மேசையில் இருந்த லேபிள்கள் எல்லாம் ஒரு முழம் மேலே எழும்பின. பிறகுதான் சத்தம். பின்னுகிற அறைக்கு ஒட்டிய மருந்து அறையில் என்ன உரசியதோ, யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. நான் ஓடினேன். போர்மேன் என் முடியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். செல்லத்தாயிக்கா வாசலோரம் இருந்ததால் ஒரு கையோடு தப்பினாள். மதினியின் முகத்தைப் பார்க்க அண்ணனை மட்டும்தான் விட்டார்கள்.

எந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம் போய் நிற்கலாம் என்று வைத்திருந்தேனோ, அதே சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

மறு மாதம் சபையில் போதகர் என் பெயரைச் சொன்னார். “ஒரு நாள் முந்தி இடம் மாத்தி, கர்த்தர் இந்தச் சகோதரியைக் காத்தார். வந்து நாலு வார்த்தை சாட்சி சொல்லும்மா.” சபை ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது. முன்வரிசையில் அண்ணன் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். என்னை இடம் மாற்றியது எது என்று எனக்குத் தெரியும். அந்த மூடியைத் தள்ளிய கை. அதைக் கர்த்தரின் கை என்று சொல்ல என்னால் எப்படி முடியும்? “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்கே இரண்டு பேர் அழுதார்கள்.

அண்ணன் வீட்டில் இருக்க முடியாமல் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், முதல் ஞாயிறுகளில் எனக்குத் தலைவலி வந்தது. அண்ணன் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்று பிரசங்கத்தில் கேட்கும்போது பெரிய பாறை ஒன்று மனதில் வரும். பார்த்தால் அது ஒரு மனுஷன் காலையில் எழுந்து பிள்ளைக்குச் சோறு வடிப்பது. கஞ்சி கையில் கொட்டி, உதறிக்கொண்டு, மறுபடி வடிப்பது.

ஒரு சனிக்கிழமை, எந்த மாதம் என்று நினைவில்லை, அவன் துணி அலசிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு, போர்மேன், அந்த “ஏத்தா”.

“தெரியும்” என்றான். “செல்லத்தாயிக்கா ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாக.”

“தெரிஞ்சும் ஏன்ணே கேக்கல?”

“நீ வரணும்னு இருந்தேன்.” பிள்ளையின் பாவாடையைப் பிழிந்து கொடியில் போட்டான். “எனக்குச் செஞ்சத நான் மன்னிச்சாச்சு. அதுக்கு மேல இல்ல. அவளுக்குச் செஞ்சத நான் எப்படித்தா மன்னிக்க? அது அவ சொல்லணும்.” வாளியைக் கவிழ்த்துவிட்டு, “சோறு இருக்கு, சாப்பிட்டுப் போ” என்றான்.

சாப்பிட்டேன். மறுநாள் சபைக்கும் போனேன். விருதுநகருக்குக் குடிவந்த பிறகும் இன்றுவரை போகிறேன். கர்த்தர் மன்னித்தார் என்று போதகர் சொல்லும்போது நம்புகிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வேறொரு குரலில் கேட்கவேண்டியிருக்கிறது. யாரோடும் கோபத்தைச் சாயங்காலம் தாண்டவிடுவதில்லை. “இந்த அக்காகூடச் சண்டை போட்டா ருசியே இல்ல, விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து நிக்காக” என்று பக்கத்து வீட்டுக்காரி சலித்துக்கொள்கிறாள்.

அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அறைகள் இருந்த இடம் முழுக்க வேலிக்கருவை முள். எங்கள் சபைக்குத் தகரக் கூரை போய் மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. சனிக்கிழமை நடை நின்றுபோயிற்று. போதகர் போனில் ஒரு செய்தி அனுப்புகிறார், எல்லோரும் கைகூப்பும் படத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். அண்ணன் மகள் நர்ஸாகி, அப்பாவைத் தன்னோடு கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவர்கள் விற்ற வீட்டையும் அடுத்த இரண்டு வீடுகளையும் இடித்து நீளமாக ஒரு குடோன் கட்டியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருமுறை போய் அந்தச் சுவரோரமாக நடந்து பார்த்தேன். மதினியின் வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.