கேசட்டுக்குக் காது இல்லை

எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தராசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைக்காரர்கள் வைத்த பெயர். கோபம் வந்தால் மனைவியும் அதையே சொல்வாள். காய்கறி வாங்கிவந்தால் வீட்டில் ஒருமுறை நிறுத்துப் பார்க்காமல் அவர் சமையலறைக்குள் விடமாட்டார்.

அப்படிப்பட்டவர் பழைய கல்யாண வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தது மைத்துனிக்காக. அக்காவான அவர் மனைவிக்கும் தங்கைக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. தங்கை வீட்டுப் புதுத் திரைச்சீலையை அக்கா 'ஆஸ்பத்திரி வார்டு மாதிரி' என்று சொன்னதில் வந்த வினை. இப்போது தங்கைக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அவளிடம் இருந்த கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது; அக்காவிடம் இருந்த பிரதி பிழைத்திருந்தது. அதை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள முடியும்?

தராசு பிளேயரைத் திறந்து துடைத்தார். கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கம் தளர்த்தினார். பிளேயரிலிருந்து ஒரு வயர் டிவிக்கு, இன்னொன்று ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்கு. கேசட் ஓடுகிற நேரம் முழுக்க ஓடினால்தான் ஏறும்; குறுக்கு வழி கிடையாது. இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார முடியுமா?

"மாப்பிள்ளையைப் பாருங்க, உருளைக்கிழங்குக்குக் கோட்டு மாட்டின மாதிரி."

"மெதுவா பேசுடி."

"ஏன், கேசட்டுக்குக் காது இருக்கா?"

முடிந்ததும் தராசு ஆரம்பத்தைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தார். படம் சுத்தம். பாட்டுச் சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கேசட்டுக்கு வயசாகிவிட்டது என்று தேற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் சகலை வந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார். "சாயங்காலம் எல்லாரும் வர்றாங்க அண்ணே. பெரிய டிவியில போடப்போறோம். அண்ணியையும் கூட்டிட்டு வந்துடுங்க."

சாயங்காலம் மனைவி புடவை மாற்றும் இடைவெளியில், தமக்கென்று வைத்திருந்த பிரதியின் நடுப்பகுதியைத் தராசு ஓடவிட்டுப் பார்த்தார். மணமக்கள் மாலை மாற்றும் நேரத்தில் யாரோ பலமாகத் தும்மினார்கள்.

'யார் இது, இவ்வளவு கேவலமாகத் தும்முவது?' என்று யோசித்தார். அடுத்த தும்மலில் தெரிந்துவிட்டது. தும்மல் அவருடையது.

சத்தம் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, வயரைக் காட்டுவதற்குப் பதில் மைக்கைக் காட்டியிருந்தார். கேசட்டுக்குக் காது இல்லைதான், கம்ப்யூட்டருக்கு இருந்தது. தட்டில் கல்லை வைக்காமலே தராசுக்கு முத்திரை குத்தியிருக்கிறார்!

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னார். "உருளைக்கிழங்குமா?" என்றாள். தலையாட்டினார்.

"ஊருக்கெல்லாம் எடை பார்த்தீங்களே, இதைப் பார்க்கக்கூடாதா?"

சகலைக்குப் போன் போட்டார்; மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினார்கள். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே கூடம் நிறைய ஆட்கள். டிவியில் மணப்பெண் காரில் ஏறிக்கொண்டிருந்தாள். கூடவே அக்காவின் குரல்:

"இவ போன அன்னிக்கு ராத்திரி, இவ தலகாணியைக் கட்டிக்கிட்டுதாங்க தூங்கினேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, தலைக்கு மேல ஏறிக்குவா."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றது தராசின் குரல், கூடம் முழுக்கக் கேட்க.

தங்கை திரும்பினாள். வாசலில் அக்கா, வாயில் முந்தானை. தங்கை எழுந்து வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் உருளைக்கிழங்கா?"

"அப்ப அப்படி இருந்தார்டி."

"இப்ப?"

அக்கா சகலையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப வெந்துட்டார்."

தங்கைதான் முதலில் சிரித்தாள். அதன் பிறகு கூடமே அதிர்ந்தது.

"உள்ள வா. திரைச்சீலை மாத்தியிருக்கேன். பார்த்துட்டு வாயை மூடிட்டு உட்காரு."

தராசு சகலையை ஓரமாக அழைத்துப்போய், "நாளைக்கே சரியான சத்தத்தோட மறுபடி ஏத்தித் தர்றேன்" என்றார்.

"வேண்டாம் அண்ணே, அவ இதைத்தான் வச்சுக்குவா." சகலை குரலைத் தாழ்த்தினார். "உருளைக்கிழங்கை மட்டும் வெட்டித் தர முடியுமா?"