தாம்பூலப் பையில் போகாத புத்தகம்

1. முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு மகான்

அச்சகத்தில் சேர்ந்த முதல் நாளே முதலாளி என் கையில் ஒரு மகானைக் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரு" என்றார்.

அது எண்பதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த அந்த அச்சகம், திடீரென்று சிறுவர்களுக்கு வாழ்க்கை வரலாறு போடக் கிளம்பியிருந்தது. எழுதுகிறவன், புரூப் பார்க்கிறவன், புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக விற்கிறவன் எல்லாம் நான்தான். ஆசிரியர் பயிற்சியில் தேறாமல் வந்தவன் என்பதால் முதலாளி என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு வாரமாவது வேணுமே முதலாளி" என்றேன்.

"எதுக்கு? ஏழையாப் பிறக்கணும். அம்மா கஷ்டப்படணும். ஆத்துல நீந்திப் பள்ளிக்கூடம் போகணும். தெருவிளக்குல படிக்கணும். கடைசிப் பக்கத்துல சிலை வைக்கணும். நடுவுல நீ என்னத்தையாவது போட்டுக்கோ."

போட்டேன். வருஷக்கணக்கில் போட்டேன். பத்தாவது மகானுக்குள் எனக்கு அலுத்துவிட்டது. எல்லோரும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தார்கள். அதை எழுதிய நான் எட்டு மணிக்கு எழுந்தேன். எல்லோரும் பொய்யே சொல்லாதவர்கள். அதைப் பொய் சொல்லித்தான் விற்க வேண்டியிருந்தது. தெருவிளக்கில் படிக்கிற பையனுக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படப் பிளாக். தேசத் தலைவர், கணித மேதை, கப்பல் ஓட்டியவர் என்று எல்லோருடைய இளமையும் அவன்தான். வெளிநாட்டு விஞ்ஞானி அம்மையாருக்கும் அவனையே வைத்தோம். முதலாளி பெரிய மனது பண்ணி ஒரு சடை மட்டும் சேர்க்கச் சொன்னார்.

திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், நான் உருக்கமாகப் படித்துக் காட்டும்போது ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "சார், அவுக ஏன் ஆத்துல நீந்துறாக? நடந்தே போகலாம்ல?"

அது பார்த்த ஆற்றில் மணல்தான் ஓடும். கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன்.

2. மணிவிழா ஆர்டர்

எண்பதுகளின் கடைசியில் பாலவனத்தத்திலிருந்து ஓர் எண்ணெய் மில் அதிபர் வந்தார். அவருக்கு மணிவிழா. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு தம்முடைய வாழ்க்கை வரலாற்றையும் போட்டுக் கொடுக்க ஆசை. அதுவும் எங்கள் சிறுவர் வரிசையிலேயே, விஞ்ஞானி அம்மையாருக்கு அடுத்த நம்பராக.

"சிறுவர் புத்தகமா போடணுமா அண்ணாச்சி?" என்று முதலாளியே தயங்கினார்.

"பெரியவுக எவன்யா புஸ்தகம் படிக்கான்? பிள்ளைகதான் படிக்கும்."

குறிப்பு எடுக்க நான் பாலவனத்தம் போனேன். முன்ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மில்காரர் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கோங்க. தகப்பன் இல்லாத பிள்ளை. சுயமா உழைச்சுப் படிச்சேன்."

"யாருலே உழைச்சது?" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

பின்னாலேயே ஆளும் வந்தார். விழாவுக்காகப் பரளச்சியிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த அவருடைய அக்காள், பாக்கியத்தம்மாள். கையில் பாதி நறுக்கின பூசணிக்காய்.

"தம்பிதான் எழுதுறவுகளா? கேட்டுக்கோங்க. எங்கய்யா செத்தப்ப நான் மூணாப்பு, இவன் ஒண்ணாப்பு. ரெண்டுல ஒரு பிள்ளையத்தான் படிக்க வைக்க ஏலும்னு ஆத்தா சொல்லிட்டாக. என் சிலேட்டைத் துடைச்சு இவன் கையில குடுத்துட்டு நான் பருத்தி எடுக்கப் போனேன். இவன் எட்டாப்பு முடிக்கிற மட்டும் கரிசக்காட்டுலதான் கெடந்தேன். எனக்குக் கல்யாணமே அதுக்குப் பெறகுதான்."

"அக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"பிள்ளைக படிக்கிற புஸ்தகம்னு நீதானலே சொன்ன? பிள்ளைகளுக்குத் தெரியட்டும்." என் பக்கம் திரும்பினார். "ரொம்ப வேண்டாம் தம்பி. ஒரு வரி. பருத்தி எடுத்து இவனைப் படிக்க வச்சது அக்கான்னு. என் பேரோட."

மில்காரர் என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டார். அன்பினால் அல்ல. "அந்த வரி வேண்டாம் வாத்தியாரே. மகளைக் குடுத்த இடம் பெரிய இடம். கூடப்பிறந்தவளைக் கூலிக்கு அனுப்பிட்டுப் படிச்சவன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்திரும். தானே உழைச்சார்னு போட்டிருங்க."

3. ஏழாம் பக்கம்

எங்கள் வரிசையில் ஏழாம் பக்கம் எப்போதும் 'அன்னையின் தியாகம்.' அதைக் கண்ணை மூடிக்கொண்டே எழுதிவிடுவேன். அன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்து எழுதினேன். சிலேட்டு, கரிசல், பருத்தி, அக்காள் பெயர் எல்லாம் போட்டுக் கம்போஸும் ஆகிவிட்டது. மில்காரர் புரூப் பார்க்க வந்தார். ஏழாம் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தார்.

அவர் போனதும் முதலாளி கேட்டார்: "வாத்தியாரே, ஆர்டர் குடுத்தது அக்காவா, தம்பியா?"

"தம்பி."

"பெறகென்ன? எடு."

கம்போசிட்டர் கோத்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துப் பெட்டியில் போட்டார். 'தானே உழைத்துப் படித்தார்' என்று ஒரு வரி வைத்த பிறகும் பக்கத்தில் பெரிய பள்ளம்.

"விளக்குப் பையனை வை" என்றார் முதலாளி.

4. பந்தல்

விழாவுக்கு முதலாளியும் நானும் போனோம். அவர் பாக்கியை வாங்க, நான் பாயசத்துக்கு.

பந்தலுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பாக்கியத்தம்மாள் புத்தகத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நழுவப் பார்த்தேன். பிடித்துவிட்டார்.

"பாதி தாண்டிட்டேன் தம்பி. இன்னும் நான் வரலையே. கடைசியிலயாவது வாரேனா?"

"இல்லம்மா."

திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டியிருந்தால் பாயசம் இறங்கியிருக்கும். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் விசேஷம் முடிந்து போகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பது பிறந்த பெண்ணின் உரிமை. வேறு யாரும் பையைத் தொடக் கூடாது. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சிரித்த முகமாகக் கொடுத்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள். புத்தகம் மட்டும் இல்லை. கூட்டம் பாதி கரைந்த பிறகுதான் மில்காரர் பிரிக்காத கட்டுகளைக் கவனித்தார்.

"அக்கா, புஸ்தகம்?"

"அது இன்னும் முடியலலே. முடிஞ்சதும் குடுப்போம்."

"எல்லாரும் போயிட்டாகளேக்கா!"

"போகட்டும். நீ படிச்சு முடிக்கணும்னு நான் காத்துக் கெடக்கலையா? அந்த மாதிரி அவுகளும் காத்துக் கெடக்கட்டும்."

சம்பந்தி பக்கத்திலேயே பையோடு நின்றுகொண்டிருந்தார். "என்ன முடியல?" என்றார்.

பாக்கியத்தம்மாள் தம்பியையே பார்த்தார். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டதாக எனக்கு ஞாபகம். பயத்தில் எனக்குக் காது அடைத்தும் இருக்கலாம்.

மில்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா பருத்தி எடுத்துத்தான் நான் படிச்சேன் சம்பந்தி. அதைப் போடாம விட்டாச்சு."

"அட! அதைப் போடாம வேற என்னத்தைய்யா எழுதினீக?" என்று சம்பந்தி என்னைப் பார்த்தார். இதுநாள் வரை எனக்கு முன்னால் நடந்தே பழகிய முதலாளி, அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்றார்.

5. பிழைத்திருத்தம்

மறுவாரம் மில்காரர் அச்சகத்துக்கு வந்தார். புதிதாக அடிக்க வழியில்லை. முதலாளி யோசித்து, பிழைத்திருத்தச் சீட்டு போடலாம் என்றார். நான் எழுதிக் கொடுத்தேன்:

'ஏழாம் பக்கத்தில், தானே உழைத்துப் படித்தார் என்பதை, அக்காள் பாக்கியம் பருத்தி எடுத்துப் படிக்கவைத்தார் என்று திருத்திப் படிக்கவும்.'

மைதாப் பசை காய்ச்சி, கம்போசிட்டரும் நானும் இடுப்பு கழன்று போகிற மட்டும் ஒட்டினோம். புத்தகங்கள் பாலவனத்தம், பரளச்சிப் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. நான் எத்தனையோ மகான்களை எழுதியிருக்கிறேன்; எனக்குப் பெருமையாக இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். குறிப்பு எடுக்கப் போகிற வீட்டில் நாற்காலி போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பின்கட்டு வரை ஒரு நடை போய் வாருங்கள்.

சீட்டு ஒட்டிய புத்தகத்தைப் பார்க்கப் பாக்கியத்தம்மாள் பஸ் ஏறி அச்சகத்துக்கே வந்திருந்தார். விரல் வைத்துத் தன் பெயரை எழுத்துக்கூட்டினார். இன்னொரு தடவையும் கூட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுத்து ரொம்பப் பொடிசாத்தான் இருக்கு தம்பி. இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."